படம் பிடித்தவரும் படத்தில் நின்றவரும்

கலைஞன் மக்களிடம் செல்ல வேண்டும் என்ற கொள்கை நமது முற்போக்கு இலக்கிய உலகுக்குப் புதியதன்று. ஈழத்தில் 1960களில் மண்வாசனை என்றும் தேசிய இலக்கியம் என்றும் நடந்த விவாதங்களின் உட்கிடை இதுவே. கிராமத்து மனிதனின் பேச்சை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் ஒதுக்கியபோது, அந்தப் பேச்சிலேதான் இலக்கியத்தின் உயிர் இருக்கிறது என்று நமது முன்னோடிகள் வாதிட்டனர். வழக்கில் வெற்றியும் பெற்றனர். ஆயினும் அன்று முழுமையாகக் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. கலைஞன் மக்களிடம் போகிறான், பார்க்கிறான், கேட்கிறான், புதிய கண்ணும் புதிய கையும் பெற்றுத் திரும்புகிறான். அவன் வளர்ந்தான் என்பதை ஒப்புக்கொள்வோம். அவனை வளர்த்த மக்கள் அதனால் என்ன பெற்றனர்?

எழுத்துக்கும் கூத்துக்கும் பொருந்தும் இக்கேள்வி நிழற்படத்துக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். நாவலாசிரியன் பத்து மீனவரைக் கலந்து ஒரு மீனவனைப் படைத்துவிடலாம். நிழற்படக் கலைஞனுக்கு அந்த வசதி கிடையாது. அவனது படத்தில் நிற்பவர் உண்மையான ஒரு மனிதர். அவருக்குப் பெயர் உண்டு, வீடு உண்டு, கடனும் உண்டு. கிராமங்களில் அலைந்து தமது கலை எவ்வாறு பக்குவம் அடைந்தது என்று நிழற்படக் கலைஞர்கள் எழுதும் குறிப்புகளைப் படிக்கும் போதெல்லாம் இந்த மனிதரின் நினைவே நமக்கு முன்வந்து நிற்கிறது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே கடலை ஒட்டிய நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயல் சார்ந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவோம். இரு கரைகளையும் பாலங்களும், ‘பாதை’ என்று நாம் அழைக்கும் மிதவைப் படகுகளும் இணைத்து வந்துள்ளன. நாம் கற்பிக்கும் பாடசாலை வாவிக் கரையிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எமது பத்தாந்தர மாணவன் ஒருவன் ஒரு நாட்காட்டியைச் சுருட்டி எடுத்து வந்தான். கொழும்பில் அச்சிடப்பட்ட அழகிய நாட்காட்டி. யூலை மாதத்துக்குரிய தாளில், உதய சூரியனுக்கு எதிரே தோணியில் நின்றபடி ஒரு முதியவர் வலை வீசுகிறார். வலை வானத்தில் பூவாய் விரிந்திருக்கிறது. கீழே, ‘வாவியின் அமைதி’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி.

“சேர், இது எங்கட அப்பப்பா. பேர் போடல்லயே?” என்றான் மாணவன்.

அந்த முதியவரைப் பின்னர் சந்தித்தோம். படம் எடுத்தவரைப் பற்றி அவருக்கு மனக்கசப்பு எதுவும் இருக்கவில்லை. நல்ல பிள்ளை என்றே சொன்னார். தேநீர் வாங்கித் தந்ததாகவும் சொன்னார். சூரியன் பின்னால் வருமாறு தோணியை விலக்கி நிறுத்தும்படி அந்த இளைஞர் கேட்டிருக்கிறார். இவரும் இணங்கி ஐந்தாறு முறை வீசியிருக்கிறார். எத்தனை மீன் பட்டது என்று நாம் வேடிக்கையாகக் கேட்டோம். முதியவர் சிரித்தார். “அந்த இடத்தில மீன் இல்ல மனே, வெளிச்சந்தான் இரிந்திச்சு” என்றார்.

கலை விமரிசனம் பற்றி நாம் பல்கலைக்கழகத்தில் படித்த நூல்கள் பல. அவற்றுள் எதுவும் இந்த ஒரு வாக்கியம் போல் நமக்கு உதவியதில்லை. உழைப்பு வேறு; உழைப்பின் தோற்றம் வேறு. மீன் உள்ள இடத்தில் வலை வீசுபவன் உழைக்கிறான். வெளிச்சம் உள்ள இடத்தில் வீசும்படி அவனைக் கேட்கும்போது அவனது உழைப்பு ஓர் அபிநயமாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நமது நாட்டு நிழற்பட வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

உலக நிழற்பட வரலாற்றில் பெரும் புகழ் பெற்ற யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அவரது கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு தொடர்புடைய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவினர் இருவருள் ஒருவர். இங்கே கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளர். அம்மையார் 1879இல் மலையகத்தில் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர் தெனிசன், விஞ்ஞானிகள் டார்வின், ஹேர்ஷல் முதலியோர் தத்தம் பெயரோடு நிற்கின்றனர். இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றில் நிற்போர் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளருமாகிய எளிய மக்கள். முகங்களில் ஆழம் உண்டு, ஒளி உண்டு, பெயர்தான் இல்லை. கமரா ஒன்றே, பிடித்த கையும் ஒன்றே. கடலைக் கடந்ததும் மனிதர் ‘மாதிரி’ ஆகிவிட்டனர். இது ஒரு தனி மனுஷியின் குறை அன்று. தோட்டத்தின் கணக்கேட்டில் கூலித் தொகையாக மட்டும் இடம்பெற்ற மக்கள், தோட்டத்துரையின் மனைவியுடைய கமராவுக்குள்ளும் அதே நிலையில்தான் நுழைய முடிந்தது.

அதன்பின் வந்த வணிக நிலையங்கள் இந்தப் போக்கைப் பண்டமாக்கின. ஸ்கீன், பிளாட்டே போன்ற நிறுவனங்களின் படங்களும் அஞ்சலட்டைகளும் ‘தமிழ்ப் பெண்’, ‘கரையோர மீனவன்’ என்ற வகையில் நமது மக்களைக் கப்பற் பயணிகளுக்கு விற்றன.

இந்தச் சூழலில்தான் லயனல் வெண்ட் தோன்றுகிறார். 1900ஆம் ஆண்டில் கொழும்பில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்து, லண்டனில் சட்டமும் பியானோ இசையும் பயின்று, 1924இல் நாடு திரும்பியவர். 1930களில் ரோலிபிளெக்ஸ், லைக்கா கமராக்களோடு இலங்கையைச் சுற்றியவர். 1943இல் ஓவியர் பலர் ஒன்று சேர்ந்து அமைத்த ‘43 குழு’வுக்கு அச்சாணியாக விளங்கி, அடுத்த ஆண்டே, 44 வயதில் மறைந்தவர். அவர் இறந்தபின் அவரது படச்சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய அச்சுப் படங்களிலிருந்து 120ஐத் தேர்ந்து 1950இல் ‘லயனல் வெண்டின் இலங்கை’ என்ற தொகுதி லண்டனில் வெளியாயிற்று.

வெண்டை மேட்டுக்குடி விளையாட்டுக்காரர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது விமரிசனம் ஆகாது. அஞ்சலட்டை வணிகம் நமது மக்களைக் காட்சிப் பொருளாக்கிய காலத்தில், அவர்களது உடலில் வலிமையையும் கம்பீரத்தையும் கண்டவர் அவர். வலை இழுப்போர், ஏர் பிடிப்போர், நீராடுவோர், ஆடற் கலைஞர் எல்லோரும் அவரது படங்களில் தலை நிமிர்ந்து நிற்கின்றனர். கிரேக்கச் சிலைகளில் மட்டுமே அழகைக் காணப் பழகிய கொழும்புக் கனவான்களுக்கு, கறுத்த தோளிலும் அதே அழகு உண்டு என்று அவர் காட்டினார். குடியேற்ற ஆட்சியின் நடுவே இது சிறிய செயலன்று.

எனினும் முதியவரின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். வெண்டின் தோள்கள் எண்ணெய் பூசியவைபோல் மினுங்குகின்றன. அந்தத் தோள்களின் கூலி என்ன என்பதற்குப் படத்தில் இடமில்லை. வலையின் கோடுகள் இசைபோல் இழைகின்றன. வலை யாருக்குச் சொந்தம் என்று நாம் அறிய வழியில்லை. நிற்பவர்களுள் பெரும்பாலோர் பெயரற்றவர். அவர்கள் அழகாயிருக்கின்றனர், ஆனால் அழகாயிருப்பது தவிர வேறு அலுவல் அவர்களுக்கு அங்கே இல்லை. வெண்ட் நமது மக்களை இழிவுபடுத்தவில்லை, உயர்த்தினார். உயர்த்தியபோது அவர்கள் நின்ற நிலத்திலிருந்து கால் பெயர்ந்துவிட்டது.

இதே முரண்பாட்டை ‘இலங்கைப் பாடல்’ என்ற திரைப்படத்திலும் காணலாம். பைசில் றைற் இயக்கி 1934இல் வெளிவந்த இப்படம் ஆவணத் திரைப்பட வரலாற்றில் ஒரு மைல்கல் என்பதில் ஐயமில்லை. அதன் மூன்றாம் பகுதியில், உழைப்போரின் காட்சிகள் மீது சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும் ஒலிக்கின்றன. பறிக்கும் கை இங்கே. விலை கூறும் வாய் அங்கே. ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தை இத்துணைச் சுருக்கமாக விளக்கும் பாடநூலை நாம் கண்டதில்லை. ஆனால் இப்படத்துக்குப் பணம் தந்தது தேயிலைப் பிரசாரச் சபை. படத்தில் தொழிலாளர் எவரும் தம்மைப் பற்றி நமக்குச் சொல்வதில்லை. விளக்கம் கூறும் குரல் வெண்டுடையது. சொற்களோ 1681இல் றொபேட் நொக்ஸ் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்தவை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. உலகமே வியந்து பார்த்த படத்தில் நின்ற மக்கள் கூட்டத்துக்குச் சொந்த நாட்டின் வாக்காளர் இடாப்பில் இடமில்லாமற் போயிற்று. படம் இதைத் தடுத்திருக்க முடியும் என்று நாம் சொல்லவில்லை. பார்க்கப்படுவது வேறு, கணக்கில் எடுக்கப்படுவது வேறு என்பதையே சொல்கிறோம்.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமொன்றில் டொறதியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற படத்தை அறியாதார் குறைவு. பொருளாதார மந்தத்தின் கொடுமையை உலகுக்கு உணர்த்திய படம் அது. அரசு நிவாரணப் பணியின் பகுதியாக, நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டது. படம் பத்திரிகையில் வந்தபின் முகாமுக்கு உணவும் அனுப்பப்பட்டது. அதற்குள் அந்தத் தாய் வேறிடம் போய்விட்டார். லாங்கே அவரது பெயரைக் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற அவரது பெயரை உலகம் அறிந்தது 1978இல். அதாவது 42 ஆண்டுகள் கழித்து. தம் முகம் உலகெங்கும் பரவியதால் தமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்ற மனக்குறையை அவர் மறைக்கவில்லை.

மட்டக்களப்பு மக்களுக்கு இது ஏட்டுக் கல்வி அன்று. 2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி நாவலடி, கல்லடி முதலிய ஊர்களை அழித்தபோது நாம் பாடசாலை மாணவர். அடுத்த சில வாரங்களில் இந்தக் கரையில் வந்திறங்கிய கமராக்களுக்குக் கணக்கில்லை. முகாமில் இருந்த நமது உறவுப் பெண் ஒருவரை எத்தனையோ பேர் படம் பிடித்தனர். கடல் அவரது குழந்தையைக் கொண்டுபோயிற்று. வீட்டில் இருந்த படங்களையும் கொண்டுபோயிற்று. இறந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவரிடம் ஒரு படமும் இல்லை. அவர் அழுத முகமோ உலகத்தின் கையில் இருக்கிறது. அப்படங்களால் உதவி வந்தது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு எவ்வளவு ஒருபக்கமானது என்பதை அன்றே நாம் உணர்ந்தோம்.

அப்படியாயின் கலைஞன் கிராமத்துக்கே போகக்கூடாதா? இவ்வாறு முடிவு கட்டுவோரும் நம்மிடையே உண்டு. அது சோம்பலுக்குக் கொள்கை முலாம் பூசுவதாகும். போகாதிருப்பதால் எந்த ஏழையின் கடனும் தீராது. எப்படிப் போவது என்பதே கேள்வி. இதற்கு விடை தேடுவோர்க்குத் தமிழ்நாட்டின் நிழற்படக் கலைஞர் எம். பழனிக்குமாரின் படங்களையும் அவற்றோடு அவர் எழுதும் கட்டுரைகளையும் நாம் எடுத்துக்காட்டுவோம்.

பழனிக்குமார் மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்தவர்; மீன் விற்கும் தாயின் மகன். மலக்குழித் தொழிலின் கொடுமையை வெளிப்படுத்திய ‘கக்கூஸ்’ ஆவணப் படத்தின் ஒளிப்பதிவாளர். பி. சாய்நாத் 2014இல் நிறுவிய ‘பாரி’ எனும் கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் களத்தில் பணிபுரிபவர். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண நிழற்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அவரது எழுத்துகள் தமிழிலும் கிடைக்கின்றன என்பதால் நமது மாணவர்க்கு எட்டாதவை அல்ல.

கிராமப் பயணம் பற்றிய வழக்கமான குறிப்புகளில் கலைஞன் நகரத்திலிருந்து புறப்பட்டு எங்கோ தொலைவுக்குப் போகிறான். அறியாத மனிதரைக் கண்டு தன்னை அறிகிறான். பழனிக்குமாரின் வளர்ச்சி இதற்கு நேர்மாறான திசையில் நடக்கிறது. அவர் எழுதியவற்றுள் நம்மை மிகவும் ஈர்த்தது தம் தாயைப் பற்றிய கட்டுரை. விடியுமுன் எழுந்து சந்தைக்குப் போகும் தாயின் உழைப்பை மங்கிய விளக்கொளியிலே அவர் படம் பிடித்திருக்கிறார். அங்கே வெளிச்சத்துக்காகத் தாய் இடம் மாறவில்லை. தாய் நிற்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் உண்டோ அவ்வளவுக்குக் கமராதான் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. நமது முதியவர் சொன்ன வாக்கியத்துக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இருக்க முடியாது. தன் வீட்டு உழைப்பையே பாராதிருந்தவன் பிறர் உழைப்பைப் பார்ப்பதாகக் கூறுவது வெறும் உல்லாசப் பயணம். அந்தக் கட்டுரையின் பயன் இதை நமக்கு உணர்த்துவதில் இருக்கிறது.

இராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அவரது பணியை அடுத்து நோக்குக. மன்னார் வளைகுடா நமக்கும் உரிய கடல். அக்கரையின் கதை நமக்கு அயலானதன்று. சுவாசக் கருவி எதுவும் இன்றி மூச்சை அடக்கி மூழ்கும் அப்பெண்களை நீருக்கடியிலிருந்து காணும்போது, வெண்ட் கண்ட கம்பீரம் இங்கேயும் இருக்கிறது. ஆனால் அது தனியே நிற்கவில்லை. பாறை கிழிக்காதபடி விரல்களில் சுற்றிய துணியும் நம் கண்ணில் படுகிறது. தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாகிவிட்டதால் வனத்துறையினரோடு அவர்கள் படும் தொல்லையும், பாசிக்குக் கிடைக்கும் விலையும் உடன்வரும் எழுத்தில் சொல்லப்படுகின்றன. பெண்கள் தம் பெயரோடு, ஊரோடு, தம் சொந்த வாக்கியங்களோடு வருகின்றனர். எண்ணூர்ப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் வெறுங்கையால் இறால் பிடிக்கும் முதிய பெண்ணைப் பற்றிய படங்களும் இத்தகையவையே. அனல் மின் நிலையங்கள் சூழ்ந்த அந்த நீரைக் காணும் வாவிக்கரை வாசகர் எவரும் ‘இது வேறு நாடு’ என்று அமைதி கொள்ள முடியாது.

உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் எவ்வளவோ விவாதித்திருக்கிறோம். நிழற்படத்தில் பெயரும் கூலியும் கலைக்குப் புறம்பான தகவல்கள் என்றே பலர் கருதுவர். நமது துணிபு வேறு. அவை படத்தைப் பார்க்கும் முறையையே மாற்றுகின்றன. பெயர் அறிந்த முகத்தை நாம் இரசிப்பதோடு நிற்க முடியாது. அந்த முகம் நம்மைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இது உருவத்தின் பகுதியே ஆகும்.

குறையும் சொல்ல வேண்டும். பழனிக்குமாரின் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, தனித்து நிற்கும் மனிதரே நம் மனத்தில் தங்குகின்றனர். சேர்ந்து நிற்போர், எதிர்த்துக் கேட்போர், வென்றோர் அத்துணை அழுத்தமாகத் தங்கவில்லை. துன்பம் உண்மையானது, அதைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் துன்பத்தை மட்டுமே காணப் பழகிய கண், உழைப்பாளியை இரங்கத்தக்கவராக மட்டும் கண்டுவிடும் அபாயம் உண்டு. வெண்டின் மீனவன் அழகாயிருப்பது தவிர அலுவல் அற்றவன் என்றோம். நாளைய முற்போக்குக் கமராவின் மீனவன் துயரப்படுவது தவிர அலுவல் அற்றவன் ஆகிவிடக்கூடாது. இந்த எச்சரிக்கையை அவர் அறியாதவர் அல்லர் என்றே தோன்றுகிறது. உழைப்பாளிகளின் பிள்ளைகள் கையிலேயே கமராவைக் கொடுத்துப் பயிற்றும் பணியில் அவர் ஈடுபட்டிருப்பது அதற்குச் சான்று.

அந்த முயற்சியே நமக்கும் தூண்டுதலாயிற்று. நாட்காட்டி வந்த அதே வகுப்பில், வீட்டில் உள்ள கைத்தொலைபேசியால் ஊரைப் படம் பிடித்து வாருங்கள் என்றோம். வந்தவற்றுள் பெரும்பாலானவை என்ன தெரியுமா? உதய சூரியன், வாவி, தனித்த தோணி. மீனவரின் பிள்ளைகளே நாட்காட்டியின் கண்ணால் தம் ஊரைப் பார்த்திருந்தனர். ஆளும் வர்க்கத்தின் இரசனை எப்படி ஒரு சமுதாயம் முழுவதன் இரசனையாகிறது என்பதை அன்று நாம் மாணவர்க்குக் கற்பிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அவர்களே நமக்குக் காட்டிவிட்டனர்.

இரண்டாம் முறை வேறு விதமாகச் சொன்னோம். முதலில் வீட்டில் யார், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்கிறார், அதற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். பின்னர், அவர் சம்மதித்தால், படம் பிடியுங்கள் என்றோம். ஒரு மாணவி தன் தாய் இரவில் வலை பொத்துவதைப் பிடித்து வந்தாள். படம் சரிந்திருந்தது, முகத்தின் பாதி இருளில் கிடந்தது. ‘இந்த வலை எங்களுடையது அல்ல. அம்மா பொத்துவது கூலிக்கு. கண் எரிகிறது என்று சொன்னதால் ஒரு படம்தான் எடுத்தேன்’ என்று கீழே எழுதியிருந்தாள். ஒரு படத்தோடு நிறுத்தத் தெரிந்த அந்தக் கையை நாம் வணங்குகிறோம். வெளிச்சத்துக்காக ஐந்தாறு முறை வலை வீசச் சொன்ன கலைஞர் கற்காத பாடம் அது.

இன்னொரு மாணவன் படமின்றியே வந்தான். தந்தை மறுத்துவிட்டார். அவரிடம் இருப்பது தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை. படமும் பெயரும் வெளியே போனால் வழக்கு வரும்; வேறு வலை வாங்கவோ பணமில்லை. இந்த மாணவனின் வெறுங்கை நமது கொள்கையையும் திருத்திற்று. பெயர் வேண்டும் என்று இவ்வளவு நேரம் வாதாடினோம். பெயர் எப்போதும் காப்பு ஆகாது. யுத்த காலத்தில் அடையாள அட்டைப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த சோதனைச் சாவடிகளில் வளர்ந்த மாவட்டம் இது. முகம் அறியப்படுவதே ஆபத்தாயிருந்த நாள்களை நமது பெற்றோர் மறக்கவில்லை. அதே வேளை, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் இன்றும் நெஞ்சோடு அணைத்து நிற்பது, ஏதோ ஒரு சிறுபட்டினத்து நிலையத்தில் எடுத்த கடவுச்சீட்டு அளவுப் படத்தைத்தான். கலைத்தன்மை எதுவும் அற்ற அந்தச் சிறு படமே இந்த மாவட்டத்தின் மிக முக்கியமான நிழற்படம் என்று நாம் துணிந்து கூறுவோம். அது ஒரு பெயரையும் ஒரு கேள்வியையும் சுமந்து நிற்கிறது. எனவே பெயர் இடுவதா விடுவதா என்பதைக் கலைஞன் தனித்து முடிவு செய்ய முடியாது. படத்தில் நிற்பவரின் சம்மதமே முதற்பொருள். பெயர் அதன்பின் வருவது.

கூத்தின் வரலாறும் இங்கே நினைவுக்கு வருகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ முதலாக மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டு சென்றார். அதனால் கூத்து மதிப்புப் பெற்றது. பல்கலைக்கழகக் கலைஞர்கள் வளர்ந்தனர். அது மாபெரும் பணி. ஆனால் களரியில் மத்தளம் கட்டி நின்ற கிராமத்து அண்ணாவிமாருக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்வியும் பின்னாளில் எழுந்தது. கூத்தைக் கிராமத்திலேயே, ஆடுவோரோடு கலந்து பேசி மீளுருவாக்கம் செய்யும் முயற்சிகள் மட்டக்களப்பில் தோன்றியது அந்தக் கேள்வியின் பயனே. நிழற்படத்துக்கும் அப்படியொரு திருப்பம் வேண்டும்.

ஆகவே கிராமத்துக்குப் போகும் இளம் கலைஞர்க்கும், அவரது படத்தை மதிப்பிடப் போகும் விமரிசகர்க்கும் நாம் வைப்பது மூன்று கேள்விகளே. படத்தில் நிற்பவர் எதற்குச் சம்மதித்தார் என்பது அவருக்குத் தெரியுமா? படத்தில் இருப்பது அவரது உழைப்பா, அல்லது உழைப்பின் அபிநயமா? எடுத்த படம் அவர் கைக்குத் திரும்பிப் போயிற்றா? ஒளி, கோணம், கட்டமைப்பு ஆகியவற்றை ஆராய இவை தடையல்ல. இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்ல முயலும் கலைஞன் ஒளியையும் கோணத்தையும் புதிதாகக் கற்றே ஆகவேண்டும். விளக்கடியில் நின்ற தாயைப் பிடித்த மகனின் படங்கள் இதற்குச் சான்று.

மாணவர்களின் படங்களைப் பாடசாலை மண்டபத்தில் ஒருநாள் வைத்தோம். பெற்றோர் வந்தனர். நாட்காட்டியில் நின்ற முதியவரும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேரன் அவரைப் புதிதாக ஒரு படம் எடுத்திருந்தான். மீன் உள்ள இடத்தில், சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில், குனிந்து வலையைக் களைந்துகொண்டிருக்கும் படம். முகம் தெளிவாக இல்லை. கீழே அவரது முழுப்பெயரும் அன்று பட்ட மீனின் கணக்கும் இருந்தன. முதியவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, கணக்கில் ஒரு மீன் குறைகிறது என்று பேரனைத் திருத்தினார். திருத்தம் உடனே செய்யப்பட்டது.